அடையாற்று மணலில் பன்னிரண்டு குழி

என்னிடம் ஒரு கடிதத்தின் நகல் இருக்கிறது. மேல் மூலையில் 'மாசி 9, ஞாயிறு' என்று அப்பாவின் கையெழுத்து. ஆண்டு எழுதியிருந்த இடத்தைப் பூச்சி அரித்துவிட்டது. துணிக்கடைப் பில் புத்தகத்தில் வைக்கும் ஊதாக் கார்பன் தாளை வைத்து எழுதிய நகல் அது. மொத்தம் ஒன்பது வரி. நான்காவது வரி மட்டும் தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஒரே இழுப்பில் அடிக்கப்பட்டிருக்கிறது. கோடு முடிகிற இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு கட்டைவிரல் கறை. போன மாதம் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். கறையில் இன்னும் மணல் ஒட்டியிருக்கிறது.

அப்போது நான் நாலாம் வகுப்பு. ஆண்டை உங்களில் கணக்கு வருகிறவர்கள் போட்டுக்கொள்ளுங்கள். இதைப் படிக்கிற பழைய அடையாற்றுக்காரர்கள் நாம் எல்லோரும் ஏறக்குறைய ஒரே வயதுதானே.

அடையாற்றில் அப்போது வீடுகளுக்கு இடையே வெற்றிடம் இருந்தது. ஆற்றின் முகத்துவாரத்திலிருந்து வருகிற காற்றில் காலையில் சேற்று வாசமும் மத்தியானத்தில் உப்பு வாசமும் இருக்கும். அப்பா தியாகராய நகரில் ஒரு துணிக்கடையில் சேலைப் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் குடும்பத்துக்குச் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். தராசும் முழக்கோலும் தெரிந்தவர்களே தவிர, மண்வெட்டி பிடித்தவர் யாரும் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன். பின்னால் நடந்தது இதனால்தான் நடந்தது.

தீபாவளி கழிந்து மழை பெய்துகொண்டிருந்த ஒரு காலையில், அம்மாவின் தங்கை, என் சித்தி, குன்னூரிலிருந்து வந்து இறங்கினாள். ரிக்‌ஷாவிலிருந்து ஒரு தகரப் பெட்டி இறங்கியது. அடுத்து, வாய் தைத்த ஒரு சின்னச் சாக்கு. பெட்டியை ரிக்‌ஷாக்காரர் தூக்க விட்டாள். சாக்கை மட்டும் தானே தூக்கி வந்தாள், தூங்குகிற பிள்ளையைத் தூக்குவது போல, தலைப்பக்கம் கை கொடுத்து. அதைப் பிரித்தபோது எழுந்த வாசனை இன்னும் என் மூக்கில் இருக்கிறது. ஈரச் செம்மண்ணும் யூகலிப்டஸ் இலையும் கலந்த, எங்கள் வீட்டில் அதுவரை யாரும் மூச்சிழுக்காத ஒரு குளிர். உள்ளே விதைக்கிழங்குகள். கோழி முட்டை அளவு, சுருங்கிய தோல். பார்த்தால் யாரும் வாங்கமாட்டார்கள்.

சித்தியைக் கொடுத்திருந்த வீட்டார் குன்னூரில் மளிகைக் கடையும் கிழங்கு மண்டியும் வைத்திருந்தார்கள். கல்யாணமாகி ஆறு வருடம், குழந்தை இல்லை. அவள் மாமியார் அதற்கு ஒரு காரணம் கண்டுபிடித்திருந்தாள். சித்தியின் கை. அவள் கை தொட்டது எதுவும் விளங்காது. உறைமோர் ஊற்றினால் தயிர் தோயாது, ரோஜாப் பதியன் வைத்தால் பட்டுப்போகும், இப்போது வம்சமும். மாமியார் சொன்னதை வேலைக்காரிகள் சொன்னார்கள், பிறகு மண்டிக்கு வருகிறவர்கள் சொன்னார்கள். கடைசியில் சித்தப்பாவும் சொன்னாராம். இதையெல்லாம் அம்மாவிடம் சித்தி அடுப்படியில் குரல் ஏறாமல் சொன்னதை, முழுப் பரீட்சைக்கு வாய்ப்பாடு படிப்பது போல உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

"அதான் கொண்டாந்தேன்" என்றாள் சித்தி, சாக்கைக் காட்டி. "இந்தக் கை நட்டா வெளையுதா இல்லையான்னு நானே பாத்துக்கிடுதேன்."

"குளிருல வெளையுதது இந்த உப்புக் காத்துல வெளையுமாட்டி?" என்றாள் அம்மா.

கைகழுவ வந்த அப்பா சிரித்தார். "மெட்ராஸ்ல உருளைக்கிழங்கு மார்க்கெட்டுலதாம்மா வெளையும்."

சித்தியும் சிரித்தாள். ஆனால் அன்று மாலையே கிழங்குகளை முறத்தில் பரப்பி, கட்டிலுக்கு அடியில், ஜன்னல் வெளிச்சம் சற்றே எட்டுகிற இடத்தில் வைத்தாள். நான் தரையோடு தரையாகப் படுத்து அவற்றைப் பார்ப்பேன். ஒவ்வொன்றிலும் நாலைந்து கண். பத்துப் பதினைந்து நாளில் கண் திறந்து, ஊதா நிறத்தில், கிளி மூக்கு மாதிரி கட்டையான முளைகள் வந்தன. கட்டிலுக்குக் கீழே வேறொரு ஊர் இருப்பதாகவும் அங்கே எல்லோரும் கண் விழித்துக்கொண்டிருப்பதாகவும் எனக்குத் தோன்றும். தினமும் சித்தி முறத்தை இழுத்து ஒவ்வொன்றாகத் திருப்பி வைப்பாள்.

"முளைச்ச கிழங்கத் தின்னக் கூடாதும்பாவ. நீ என்னட்டி இதுக்குத் தாலாட்டுப் பாடுத?" என்பாள் அம்மா.

கார்த்திகை பத்தாம் தேதி நட்டோம். தேதி தெரிவது எப்படியென்றால், அன்றைய காலண்டர் தாளைச் சித்தி கிழித்துத் தன் பெட்டி மூடியின் உட்புறம் ஒட்டிவைத்தாள். பெரிய கிழங்குகளை, துண்டுக்கு இரண்டு கண்ணாவது இருக்கும்படி அரிவாள்மணையில் நறுக்கி, வெட்டுவாயில் அடுப்புச் சாம்பல் தடவி ஒரு நாள் உலரவிட்டிருந்தாள். கிணற்றுக்குப் பின்னால் வேலியோரமாகப் பன்னிரண்டு குழி. நான்கு நான்காக மூன்று வரிசை. எங்கள் மண் சாம்பல் நிற மணல். கையில் அள்ளினால் ஒழுகிவிடும். அதில் மக்கிய இலையும் மாட்டுச் சாணமும் கலந்து பிசைந்துகொண்டிருந்தாள்.

அப்போதுதான் வேலிக்கு அந்தப் பக்கம் மீன்காரம்மா வந்து நின்றாள். ஊரூர்க் குப்பத்திலிருந்து கூடையோடு தினமும் எங்கள் தெரு வழியாகப் போகிறவள். எங்கள் வீட்டில் மீன் வாங்குவதில்லை. ஆனாலும் அவள் நின்று பேசாமல் போனதில்லை.

"இன்னாமே, அக்காளும் தங்கச்சியும் குனிஞ்சிகினு கீறீங்கோ? பொதையலா?"

"உருளைக்கிழங்கு நடுதோம்" என்றேன் நான்.

"கெயங்கா!" அவள் கூடையை இறக்கிவிட்டாள். "இந்த மண்ணுல கடக்கரை அடம்பங்கொடி தவுர இன்னா வரும்? அது கூட எங்க வூட்டாண்டதான் வரும்." கொஞ்ச நேரம் பார்த்தாள். சித்தி தலை நிமிராமல் பிசைவதைப் பார்த்து என்ன நினைத்தாளோ, கூடைக்குள்ளிருந்து ஒரு வாழைமட்டைப் பொட்டலத்தை எடுத்து வேலிக்கு மேலே நீட்டினாள். "இந்தா தங்கச்சி. செதிலு, கொடலு. அடியில போட்டுப் பொதை. இதுக்கு மேல அம்மிக்கல்ல நட்டாக்கூட மொளைக்கும்."

அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். சித்தி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

மார்கழிக் காலைகளைப் பற்றி என்ன சொல்ல? ஆற்றிலிருந்து பனி எழும்பித் தெருவுக்குள் வரும். கிணற்றுக் கட்டை தெரியாது, கயிறு மட்டும் வெள்ளைக்குள் தொங்கும். அந்த வெள்ளைக்குள் சித்தி ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். எங்கள் தெருவில் ஸ்வெட்டர் வைத்திருந்த ஒரே பெண் அவள்தான். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தால் அதன் ஒரு பக்கத்தை விரித்து என்னையும் உள்ளே இழுத்துக்கொள்வாள். பன்னிரண்டில் பத்து முளைத்திருந்தன. செடி ஒரு சாண் வளர்ந்ததும் தண்டைச் சுற்றி மண் அணைத்தாள். "கழுத்து வரைக்கும் போத்திவிடணும். வெயில் பட்டா கிழங்கு பச்சையாயிரும்." அவள் மண்ணைக் கையால் அணைத்து அணைத்து மேடாக்குவதைப் பார்க்கும்போது எனக்குத் தூக்கம் வரும். அவளோடு அதிகம் பேசியதாக நினைவில்லை. ஒரே ஒரு பேச்சு நன்றாக நினைவிருக்கிறது.

"சித்தி, நீங்க எப்பம் போவீய?"

"கிழங்கு எடுக்கிற வரைக்கும் இருப்பேன்."

"எப்பம் எடுப்பீய?"

"இலை பழுக்கும். பழுத்துச் செடி சாஞ்சதும் எடுக்கணும்."

தையில் பூத்தது. வெளிர் ஊதா, நடுவில் மஞ்சள் மூக்கு. உருளைக்கிழங்குக்குப் பூ உண்டு என்று மயிலாப்பூரிலிருந்து அடையாறு வரை யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டு, ஒன்றைக் கிள்ளித் தலையில் வைத்துப் பள்ளிக்குப் போனேன். டீச்சர் என்ன பூ என்று கேட்டார். சொன்னேன். பொய் சொல்கிறேன் என்று வெளியே நிற்கவைத்தார்.

பொங்கல் முடிந்ததும் குன்னூரிலிருந்து கடிதம் வந்தது. சித்தப்பாவுக்கு வேறு பெண் பார்த்தாகிவிட்டது. அதற்குச் சித்தியின் சம்மதம் எழுத்தில் வேண்டும். மாசி ஒன்பதாம் தேதி மாமியாரே நேரில் வருகிறாள். கடிதத்தோடு ஒரு வாசகமும் எழுதி அனுப்பியிருந்தார்கள், அப்படியே நகலெடுத்துக் கையெழுத்துப் போடும்படி. அதில் நான்காவது வரி இது: 'என் கை விளங்காத கை என்பதையும் அதனால் வம்சம் தழைக்கவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.'

அம்மா அழுதாள். அப்பா சட்டையைக் கழற்றாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். சித்தி காலண்டரைப் புரட்டி விரலால் நாள் எண்ணினாள்.

"கார்த்திகை பத்துலேர்ந்து மாசி ஒன்பது. தொண்ணூறு நாளைக்கு ஒண்ணோ ரெண்டோ குறையும். சரியாத்தான் இருக்கு. அத்தை முன்னாடியே தோண்டுதேன்" என்றாள்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அந்தப் பத்துச் செடிகளே பேச்சு. விளைந்துவிட்டால் மாமியார் மனம் மாறிவிடும், சித்தியைக் கூட்டிக்கொண்டு போய்விடுவாள் என்பது அம்மா அப்பாவின் நம்பிக்கை. எனக்கும் அதே நம்பிக்கைதான். ஆனால் எனக்கு அது பயமாக இருந்தது.

தை கடைசியில் கீழ் இலைகள் மஞ்சளாயின. சித்தி தண்ணீர் ஊற்றுவதை நிறுத்திவிட்டாள். இனிமேல் காயவிட வேண்டும், அப்போதுதான் உள்ளே கிழங்கு முற்றும், ஈரம் நின்றால் அழுகிவிடும் என்று எனக்கும் சொல்லித்தான் நிறுத்தினாள். நான் கேட்டுக்கொண்டேன். ஆனால் என் மனதில் நின்றது அவள் முன்பு சொன்னது மட்டும்தான்: இலை பழுத்தால் போய்விடுவாள். மறுநாள் காலை அவள் குளிக்கப் போயிருந்த நேரத்தில், வனஸ்பதி டப்பாவின் அடியில் ஆணியால் ஓட்டை போட்டுச் செய்த பூவாளியில், செடிக்கு ஒரு டப்பா வீதம் ஊற்றினேன். மேலே காய்ந்த மணலைத் தூவி ஈரத்தை மறைத்தேன். அப்படிப் பத்து நாள். இலை பச்சையாகவே இருக்கட்டும், என்றைக்கும் மாசி ஒன்பது வரவேண்டாம் என்று ஒவ்வொரு டப்பாவுக்கும் ஒரு முறை வேண்டிக்கொண்டு ஊற்றினேன். இலை கேட்கவில்லை. அதுபாட்டுக்குப் பழுத்தது.

மாசி எட்டு, சனிக்கிழமை. அப்பா கடையில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்தார். பட்டைச் சரிகைப் பெட்டிகள் கட்டி வருகிற துணிப்பை ஒன்று அவர் கையில் கனமாகத் தொங்கியது. அம்மா என்றும் இல்லாத திருநாளாக, "ரெண்டு பேரும் திருவான்மியூர் கோயிலுக்குப் போயிட்டு வாங்களேன். மெதுவா வாங்க" என்றாள். நானும் சித்தியும் போனோம். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். கோயில் குளத்துப் படியில் சித்தி தன் இரண்டு கைகளையும் தண்ணீருக்குள் விட்டுக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீருக்குள் அவை கொஞ்சம் பெரிதாகவும் கொஞ்சம் வேறு யாருடையவை போலவும் தெரிந்தன. "நல்ல கைதான் சித்தி" என்றேன். அவள் தண்ணீரைத் தெளித்து என் முகத்தை நனைத்தாள்.

மறுநாள் மாமியார் வந்தாள். பயங்கரமான ஒருத்தியை எதிர்பார்த்திருந்தேன். வந்தது குட்டையான, முழங்கால் வலிக்கிற ஒரு பெண். ரயிலில் கொண்டுவந்த பித்தளைக் கூஜாவை யாரிடமும் கொடுக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டாள். கிணற்றடியில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். அப்பா கடிதத்தை, கார்பன் வைத்து, எழுதித் தயாராக வைத்திருந்தார். 'முதலில் கிழங்கு, அப்புறம் கடிதம்' என்று எல்லோரும் பேசாமலே ஒத்துக்கொண்டது போல இருந்தது. மீன்காரம்மா கூடையை இறக்கி வேலிமேல் கை போட்டு நின்றாள்.

சித்தி முதல் செடியைப் பிடித்து இழுத்து, களைக்கொத்தால் மண்ணைப் புரட்டினாள். கிழங்கு வந்தது. உள்ளங்கை கொள்ளாத கிழங்கு. ஒன்று, இரண்டு, ஐந்து. அடுத்த குழி, அதிலும் ஐந்து. அம்மா "முருகா!" என்று கத்திவிட்டாள். அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, "பாருங்க அத்தை, கைராசி இல்லாமலா?" என்றார். நான் குதித்தேன். பிறகு சித்தியின் முகத்தைப் பார்த்து நின்றுவிட்டேன். அவள் ஒரு கிழங்கை எடுத்துக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது மீன்காரம்மா, கள்ளமில்லாத ஆச்சரியத்தோடு, தெரு முழுக்கக் கேட்கும்படி கேட்டாள்:

"இன்னாம்மா இது, நம்ம மண்ணு சாம்பலா கீது, கெயங்கு மட்டும் செகப்பு மண்ணுல குளிச்சிகினு வந்துகீதே?"

பாவம் அப்பா. தண்ணித்துறை மார்க்கெட்டில் பார்த்துப் பார்த்துப் பெரியதாகப் பொறுக்கி வாங்கி, எங்களைக் கோயிலுக்கு அனுப்பிவிட்டுப் புதைத்திருக்கிறார். நூறு சேலையில் ஒரு இழை மாறினால் கண்டுபிடிக்கிறவர். மலைக் கிழங்கு மலை மண்ணோடு வரும், கழுவிவிட்டுப் புதைக்க வேண்டும் என்பது அவருக்கும் தோன்றவில்லை, அம்மாவுக்கும் தோன்றவில்லை. அதுவும் யார் முன்னால்? கல்யாணமான நாளிலிருந்து கிழங்கு மூட்டைகளுக்கு நடுவிலேயே வாழ்ந்த ஒருத்தி முன்னால். மாமியார் ஒரு கிழங்கை வாங்கி, நகத்தால் தோலைச் சுரண்டி, மண்ணை விரலில் தேய்த்து மோந்து பார்த்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் சித்தி சொன்னாள்.

"இது நான் நட்டது இல்ல அத்தை."

அம்மா, "ஏட்டி!" என்றாள்.

"புதுக் கிழங்குன்னா தேய்ச்சதும் தோலு உரியும். இது உரியலை." அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள். கோபம் இல்லை. "சிரமப்பட்டிருக்கீய அத்தான். ஆனா எனக்கு என்னோடது வேணும்."

களைக்கொத்தை வைத்துவிட்டு, முழங்காலிட்டு, கையாலேயே தோண்டினாள். முதல் குழியிலிருந்தே மறுபடி, மேலாகக் கிடந்த மார்க்கெட் கிழங்கை ஒதுக்கிவிட்டு, அடிவரை கிளறியதும் நாற்றம் வந்தது. வழவழவென்று அழுகல். அதற்கடுத்ததும் அழுகல். ஈர மணல் முழங்கை வரை அப்பியது. நான் கிணற்றுச் சுவருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். எனக்கு மட்டும்தான் தெரியும் ஏன் என்று. ஏழாவது, எட்டாவது. மீன்காரம்மா, "மெதுவா தங்கச்சி, கீதும்மா, கீது, பாரு" என்று, வலை இழுக்கிறவர்களுக்குச் சொல்வது போல, சொல்லிக்கொண்டே இருந்தாள்.

ஒன்பதாவது குழியில் ஏதோ தட்டுப்பட்டது. சித்தி உள்ளங்கையை விரித்தாள். கோலிக்குண்டு அளவில் நான்கு. பத்தாவதில் மூன்று. சாம்பல் மணல் ஒட்டிய ஏழு கிழங்கு. ஒன்றைக் கட்டைவிரலால் தேய்த்தாள். தோல் ஈரத் தாள் போலச் சுருண்டு வந்தது. உள்ளே வெளிர் மஞ்சள்.

ஏழையும் மாமியாரின் கையில் வைத்தாள்.

"இவ்வளவுதானா?" என்றாள் மாமியார்.

"இவ்வளவுதான். ஆனா வெளைஞ்சிருக்கு."

மாமியார் விரலால் தள்ளித் தள்ளி ஏழையும் எண்ணினாள். சித்தி எழுந்து, கையைக்கூடக் கழுவாமல், அப்பாவிடமிருந்து பேனாவை வாங்கினாள். அப்பா பதறினார். "அவசரப்படாதம்மா. அத்தைகிட்ட இன்னொரு தடவ பேசிப் பாப்போம், கூட்டிட்டுப் போவச் சொல்லி..."

"அங்க திரும்பிப் போவணும்னு நான் எப்பம் சொன்னேன் அத்தான்?"

மூன்று மாதத்தில் யாரும் அவளை அதைக் கேட்கவில்லை என்பது அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது. அவளுக்கு நல்ல விளைச்சல் வேண்டும் என்று நினைத்தோம். அவளுக்கு வேண்டியிருந்தது ஒரு விளைச்சல், எவ்வளவு சின்னதானாலும்.

நான்காவது வரியை அடித்தாள். ஒரே இழுப்பு. கீழே கையெழுத்துப் போட்டாள். கார்பனை விலக்கி, அடித்தாளிலும் கோடு முழுதாக விழுந்திருக்கிறதா என்று கட்டைவிரலை வைத்துப் பார்த்தாள். அப்படித்தான் அந்தக் கறை.

சித்தி எங்களோடே இருந்துவிட்டாள். அப்பா கடைக்கு ரவிக்கை தைத்துக் கொடுத்தாள். பிறகு தனியாகவே இரண்டு தையல் இயந்திரம் போட்டாள். மார்க்கெட் கிழங்கை ஒரு வாரம் பொரியலாகச் சாப்பிட்டோம். ஒவ்வொரு முறையும் அப்பா தலையைக் குனிந்துகொண்டே சாப்பிட்டார்.

தண்ணீர் ஊற்றியதை நான் அவளிடம் சொன்னது எனக்கே குழந்தைகள் பிறந்த பிறகு. அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். "தெரியும். ரெண்டாம் நாளே மணல் ஈரமா இருந்துது" என்றாள்.

"அப்ப ஏன் என்னைத் தடுக்கலை?"

"போகாதீங்கன்னு வாயால சொல்லத் தெரியாம ஒருத்தி தண்ணி ஊத்துதா. அதை எப்படித் தடுக்க?"

இன்று அந்த இடத்தில் ஆறு மாடி. கிணறு இருந்த இடத்தில் கார்கள் நிற்கின்றன. சித்தியும் இல்லை. பெட்டி மூடியில் ஒட்டிய கார்த்திகை பத்தும் பெட்டியோடு போய்விட்டது. எழுதிவைக்க வேண்டியது இன்னும் ஒன்றுதான். அன்று மாமியார் புறப்படும்போது ஏழு கிழங்கில் ஆறைத் திருப்பிக் கொடுத்தாள். ஒன்றைக் கூஜாவுக்குள் போட்டு மூடியதை நான் பார்த்தேன். பல ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு கல்யாணப் பந்தியில், பக்கத்தில் உட்கார்ந்த குன்னூர்க்காரர் ஒருவர் சொன்னார்: அந்தக் கிழவி மண்டிக்குப் பின்னால் ஒரு பாத்தியில் மட்டும் வேறு யாரையும் கைவைக்க விடாமல் வருடா வருடம் கிழங்கு போட்டு, அதிலிருந்தே அடுத்த வருட விதையையும் எடுப்பாளாம், இது ஏது என்று கேட்டால், "மருமக நட்டது" என்பாளாம், எந்த மருமகள் என்று கேட்டால் வாயைத் திறக்கமாட்டாளாம். அவர் பெயரைக் கேட்டுக்கொள்வதற்குள் பந்தி எழுந்துவிட்டது. குன்னூருக்கு இரண்டு முறை எழுதிக் கேட்டேன், பதில் இல்லை. ஆகவே இந்தச் செய்தியை, உறுதிசெய்யப்படவில்லை என்ற குறிப்போடு இங்கே பதிகிறேன்.